மை பூசினால் மறையுமா?

1945ஆம் ஆண்டு. இலையுதிர் காலம். ஜப்பான் நாட்டுப் பள்ளிக்கூடங்களிலே விந்தையான பாடம் ஒன்று நடந்தது. வகுப்பிலே வரிசையாக அமர்ந்திருந்த சிறுவர் சிறுமியர் கையில் தூரிகை. பக்கத்திலே கறுப்பு மை. ஆசிரியர் பக்க எண்ணைச் சொல்வார், வரியைச் சொல்வார். பிள்ளைகள் அந்த வரியின்மீது மையைத் தீட்டுவார்கள். போரைப் போற்றிய வரிகள், படையெடுப்பைப் புகழ்ந்த வரிகள், எல்லாம் கறுப்பாகும். சில பக்கங்களில் எழுத்தைவிட மையே அதிகம்!

சில கிழமைகளுக்கு முன்புவரை அதே வரிகளை நிமிர்ந்து நின்று ஒப்புவிக்கச் சொன்னவரும் அதே ஆசிரியர்தான். பிழையாகச் சொன்ன பிள்ளையைக் கண்டித்தவரும் அவர்தான். நேற்று வேதம், இன்று மை! போரிலே தோற்றாயிற்று, அமெரிக்கப் படை வந்து இறங்கிவிட்டது, ஆகவே, இன்னின்னவற்றை அழித்துவிடுங்கள் என்று கல்வி அமைச்சகமே செப்டம்பர் மாதத்தில் ஆணை அனுப்பியது. அடித்தார்கள், அழித்தார்கள். ஆனால் நேற்று ஏன் அப்படி எழுதினோம், அதைப் படித்துவிட்டுப் போர்முனைக்குப் போனவன் எங்கே என்று அந்த மையோ, அந்த ஆணையோ பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

அதைச் சொல்லியே தீரவேண்டும் என்று, தம் வாழ்நாளின் பின்பாதி முழுவதையும் ஒப்படைத்த ஒரு மனிதரின் கதையைத்தான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவர் பெயர் சபுரோ இயெனாகா. வாளெடுத்தவர் அல்லர், படை நடத்தியவர் அல்லர், மேடை ஏறி முழங்கியவரும் அல்லர். மெலிந்த உடல், ஓயாத வயிற்று நோய், ஏடும் எழுத்துமாகவே வாழ்ந்த வரலாற்றுப் பேராசிரியர். அந்த மெலிந்த மனிதர் தம் நாட்டு அரசாங்கத்தை 32 ஆண்டுகள் நீதிமன்றத்தில் நிற்க வைத்தார்! எதற்காக? நிலத்துக்காகவா, பணத்துக்காகவா? பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு வரலாற்றுப் புத்தகத்துக்காக; அந்தப் புத்தகத்திலே அரசாங்கம் அடிக்கச் சொன்ன சில வரிகளுக்காக.

1913ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் நகோயா நகரில் பிறந்தார் இயெனாகா. அவர் பள்ளியில் சேர்ந்த காலத்தில் ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பாடநூலை எழுதுவதும் அச்சிடுவதும் அரசாங்கத்தின் தனி உரிமை. 1903இல் தொடங்கிய ஏற்பாடு அது. புத்தக வெளியீட்டாளர்கள் கையூட்டுக் கொடுத்துச் சிக்கிய ஊழல் ஒன்று வெடித்தது. அதைக் காரணம் காட்டி, நாடு முழுவதற்கும் ஒரே புத்தகம், அதுவும் அரசாங்கப் புத்தகம் என்று ஆக்கிவிட்டார்கள். ஊழலை ஒழிக்க வந்தவர்கள் உண்மையையும் சேர்த்தே ஒழித்தார்கள்!

அந்த வரலாற்றுப் புத்தகம் எங்கே தொடங்கிற்று தெரியுமா? கற்கால மனிதனிடமிருந்து அல்ல, கதிரவன் தேவதையிடமிருந்து. அந்தத் தேவதையின் வழிவந்தவரே பேரரசர், அவர் ஆளும் நாடே தெய்வ நாடு என்பது முதற்பாடம். புராணம் வரலாறாகி, வரலாறு கட்டளையாகி, கட்டளை பட்டாளமாகி நின்றது. அரசர் தெய்வமானால் அரசர் தொடுக்கும் போர் என்னவாகும்? புனிதப் போராகும். புனிதப் போரிலே குற்றம் ஏது? கேள்வி ஏது? வகுப்பறையில் விதைத்ததைப் போர்க்களத்தில் அறுவடை செய்தார்கள்.

1937இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார் இயெனாகா. அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானியப் படை சீனத்தின்மீது முழுப்போர் தொடுத்தது. டிசம்பரில் அன்றைய சீனத் தலைநகரான நான்கிங் வீழ்ந்தது. பிடிபட்ட வீரர்களும் ஆயுதமற்ற குடிமக்களும் கொன்று குவிக்கப்பட்டார்கள், பெண்கள் சூறையாடப்பட்டார்கள். கொல்லப்பட்டோர் 2,00,000 பேருக்கு மேல் என்று போருக்குப் பின் டோக்கியோவில் கூடிய அனைத்து நாட்டு நீதிமன்றம் கணித்தது. 3,00,000 என்கிறது சீனம். டோக்கியோ தெருக்களிலோ அன்று வெற்றி விழா! கொடி பிடித்து ஊர்வலம் போன கூட்டத்துக்கு, அந்த வெற்றி எந்த இரத்தத்திலே நனைந்தது என்று சொல்ல ஒரு நாளேடு இல்லை. சொல்ல நினைத்தவனுக்கு வாய் இல்லை.

இயெனாகா உண்மை தெரியாதவர் அல்லர். தெய்வக் கதை வேறு, வரலாறு வேறு என்று இளமையிலேயே உணர்ந்தவர். ஆனால், 1941இல் நீகாட்டா நகரின் உயர்நிலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக அமர்ந்த அவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் சிறை என்று இருந்த காலம். உடல்நலம் குன்றியவராதலால் போர்முனைக்கு அவரை அனுப்பவில்லை. அவர் வகுப்பிலே அமர்ந்து கேட்ட வயதினரை அனுப்பினார்கள். 1943இல் மாணவர்களுக்கு இருந்த விலக்கையும் நீக்கி, புத்தகம் ஏந்திய கைகளில் துப்பாக்கியைத் திணித்தார்கள். அக்டோபர் 21ஆம் நாள் கொட்டும் மழையில் டோக்கியோ மைதானத்தில் மாணவர் படை அணிவகுத்துச் சென்றது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஆசிரியர் மட்டும் உயிரோடு இருந்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். இயெனாகா என்ற மனிதரின் வாழ்வுக்கு அச்சாணி இதுதான். அவர் போரை ஆதரித்து முழங்கியவர் அல்லர். யாரையும் கொல்லச் சொன்னவர் அல்லர். ஆனாலும் தாம் குற்றமற்றவர் என்று அவர் என்றுமே சொல்லிக்கொள்ளவில்லை. தவறு என்று அறிந்தும் தடுக்காமல் இருந்தேனே, பார்த்துக்கொண்டே இருந்தேனே என்ற எண்ணம் நெஞ்சில் தைத்த முள்ளாகத் தங்கிவிட்டது. பிற்காலத்தில் அதை அவர் ஒளிக்காமல் எழுதினார், ஒளிக்காமல் பேசினார். ஊரார் குற்றத்தை எடுத்துரைப்பவர்கள் ஆயிரம் பேர். தம் மௌனத்தையே குற்றப்பட்டியலில் முதலில் எழுதியவர்கள் எத்தனை பேர்?

போர் முடிந்தது. 31,00,000 ஜப்பானியர் மாண்டிருந்தார்கள். ஆசியாவின் மற்ற நாடுகளில் மாண்டவர்களோ அதைப் போலப் பன்மடங்கு. 1946இல் புதிய வரலாற்றுப் பாடநூல் எழுத நால்வரை அழைத்தது கல்வி அமைச்சகம். அவர்களில் ஒருவர் இயெனாகா. பழங்காலப் பகுதி அவருடைய பொறுப்பு. தேவதைக் கதையைத் தள்ளிவிட்டு, மண்ணைத் தோண்டிக் கண்ட கற்காலக் கருவிகளிலிருந்து நாட்டின் கதை தொடங்கிற்று. ஜப்பானியப் பிள்ளையின் புத்தகத்தில் மனிதன் முதன்முதலாக முதற்பக்கத்துக்கு வந்தான்!

1947இல் புதிய கல்விச் சட்டம் வந்தது. இனி அரசாங்கமே புத்தகம் எழுதாது. அறிஞர்கள் எழுதலாம், வெளியீட்டாளர்கள் அச்சிடலாம், ஆனால் அரசாங்கத்தின் ஒப்புதல் பெறவேண்டும் என்றது சட்டம். டோக்கியோ கல்விப் பல்கலைக்கழகத்தில் 1949 முதல் பேராசிரியராக இருந்த இயெனாகா, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகப் புதிய ஜப்பான் வரலாறு என்ற நூலை எழுதினார். 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அது வகுப்பறைகளுக்குச் சென்றது.

அந்த ஒப்புதல் என்ற ஒரு சொல்லுக்குள்ளேதான் பழைய பாம்பு சுருண்டு கிடந்தது. காலம் மாறிற்று. உலகம் இரண்டு முகாம்களாகப் பிரிந்தது. நேற்று ஜப்பானின் வாளைப் பிடுங்கிய அமெரிக்கா, மீண்டும் அதன் கையில் வாளைக் கொடுக்க விரும்பியது. 1953இல் இரு நாட்டுப் பேராளரும் வாஷிங்டனில் கூடி, ஜப்பானிய மக்களிடையே நாட்டுப்பற்றையும் தற்காப்பு உணர்வையும் கல்வியின் வாயிலாக வளர்க்கவேண்டும் என்று பேசினார்கள். 1954இல் தற்காப்புப் படை அமைந்தது. 1955இல் ஜப்பான் ஜனநாயகக் கட்சி, பாடநூல்கள் கெட்டுப்போய்விட்டன என்று துண்டு நூல் அச்சிட்டுப் பரப்பியது. 1956இல் புத்தகங்களைச் சலித்துப் பார்ப்பதற்கென்றே முழுநேர அலுவலர்கள் அமைச்சகத்தில் அமர்ந்தார்கள்.

நாட்டை யார் ஆண்டார்கள் என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா? போர்க்கால அமைச்சரவையிலே அமைச்சராக இருந்தவர், போர்க்குற்ற ஐயத்தின்பேரில் சிறையில் வைக்கப்பட்டு, 1948இல் வழக்கின்றி விடுவிக்கப்பட்டவர், கிஷி நொபுசுகே. அவர் 1957இல் பிரதமரானார்! குற்றப்பத்திரிகையில் ஏறவேண்டிய பெயர் கெசட்டில் ஏறினால், பாடப் புத்தகம் எப்படி உண்மை பேசும்? திருடன் வீட்டுச் சாவியைத் திருடனிடமே கொடுத்துவிட்டு, களவுபோன பொருளின் பட்டியல் கேட்ட கதைதான்.

அதே 1957இல் இயெனாகாவின் திருத்திய நூல் தடுத்து நிறுத்தப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் என்ன? கடந்த காலத்தைப் பற்றி வருந்துவதிலே மிகையாகப் போகிறதாம். முன்னோரின் முயற்சியைப் போற்றும் உணர்வை ஊட்டவில்லையாம். இழுபறிக்குப் பின் நூல் வெளிவந்தது. 1963இல் அடுத்த திருத்தப் பதிப்புக்கு ஒப்புதல் மறுத்தார்கள். மறு ஆண்டு, ஏறத்தாழ 300 இடங்களில் குறை சொல்லி, மாற்றினால் விடுவோம் என்றார்கள். அணுகுண்டு விழுந்து பாழான ஹிரோஷிமாவின் படம், குண்டுவீச்சில் எரிந்த நகரின் படம், போரில் உறுப்பிழந்த வீரனின் படம் ஆகியவை சேர்ந்து புத்தகத்தை இருட்டாக்குகின்றனவாம். போர் இருட்டாகத்தானே இருக்கும்? அதற்கு விளக்கேற்றி வைத்து வெளிச்சமாகக் காட்டு என்றால், அடுத்த போருக்கு ஆள் சேர்க்கிறாய் என்று பொருள்.

இன்னொரு செய்தி. உழைக்கும் தோழர்கள் இதைக் கருத்தோடு கேட்கவேண்டும். அந்த நூலின் பகுதிகளுக்கு முகப்பாக, அந்தந்தக் காலத்து உழைப்பாளிகளின் படங்களை வைத்திருந்தார் இயெனாகா. மன்னரின் படம் அல்ல, தளபதியின் படம் அல்ல. உழுதவன், சுமந்தவன், செய்தவன் படம். அவற்றுக்கு, வரலாற்றைத் தாங்கிநிற்கும் மக்கள் என்று தலைப்பும் கொடுத்தார். அது அமைச்சகத்தின் கண்ணை உறுத்திற்று. அந்தத் தலைப்பும் வெட்டுப்பட்டது! 1966இல் அதை மீண்டும் சேர்க்க அனுமதி கேட்டார்; மறுத்தார்கள். சுமக்கிறவனின் தோள் வேண்டும். தோளுக்குரியவன் பெயர் மட்டும் புத்தகத்தில் வேண்டாம்!

பொறுத்தது போதும் என்று எழுந்தார் பேராசிரியர். 1965 ஜூன் 12ஆம் நாள், வயது 51, ஜப்பானிய அரசாங்கத்தின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். 1967இல் இரண்டாம் வழக்கு. அரசியல் சட்டம் எழுத்துரிமை தந்திருக்கிறது, தணிக்கை கூடாது என்று கூறியிருக்கிறது. பாடநூல் ஒப்புதல் என்ற பெயரில் நடப்பது தணிக்கையே என்பது அவருடைய வாதம். அதுவரை பாடநூல் ஆசிரியர்கள் செய்ததெல்லாம் அமைச்சகத்தின் சொல்லை முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்டு போவதுதான். அறைக்குள்ளே அலுவலர் சொன்னது அறையோடு போகும், வெளியுலகுக்குத் தெரியாது. இயெனாகாவின் வழக்கு அந்த அறையின் கதவைத் திறந்துவிட்டது. யார் எதை எதற்காக வெட்டச் சொன்னார்கள் என்பதை நீதிமன்றத்திலே, நாடே பார்க்க, அரசாங்கம் விளக்கவேண்டியதாயிற்று.

1970 ஜூலை 17ஆம் நாள் இரண்டாம் வழக்கில் தீர்ப்பு வந்தது. டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி சுகிமோட்டோ, இயெனாகாவின் நூலுக்கு ஒப்புதல் மறுத்தது அரசியல் சட்டத்துக்கே மாறானது என்று கூறினார். கல்வி மக்களின் உரிமை, அதன் உள்ளடக்கத்திலே அரசாங்கம் கைவைக்கக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆசிரியர்கள் ஆர்ப்பரித்தார்கள், பெற்றோர்கள் மகிழ்ந்தார்கள். அவருக்கு ஆதரவாக நாடெங்கும் மன்றங்கள் இயங்கின. மறுபக்கம், வலதுசாரி வெறியர்கள் கொலைமிரட்டல் விடுத்தார்கள். நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று தூற்றினார்கள். நாட்டைக் காட்டிக்கொடுப்பது வேறு. நாட்டுக்குக் கண்ணாடி காட்டுவது வேறு என்பது அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது!

ஆனால் வழக்கு என்பது ஒரே ஏற்றமாக இருக்குமா? 1974இல் முதல் வழக்கில் பாதி வெற்றி. 1,00,000 யென் இழப்பீடு. 1975இல் இரண்டாம் வழக்கின் வெற்றி மேல்முறையீட்டிலும் நிலைத்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. 1989இல் அந்த வழக்கே தள்ளுபடி. 1986இல் உயர் நீதிமன்றத்தில் முதல் வழக்கு முழுத் தோல்வி. 1993இல் உச்ச நீதிமன்றத்திலும் அதே முடிவு. கறுப்பாக இருந்த தலை நரைத்தது; நரைத்த பிறகும் அவர் நீதிமன்றப் படியை ஏறிக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையே 1982இல் ஆசியா கொதித்தது. சீனத்தின்மீது ஜப்பான் நடத்திய படையெடுப்பை, படையெடுப்பு என்று எழுதாமல் முன்னேற்றம் என்று எழுதச் சொல்கிறார்கள் என்ற செய்தி பரவியது. அன்றைய ஏடுகளின் செய்தியில் சில இடங்களில் பிழை இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை மென்மையாக்கச் சொல்லும் வழக்கம் அமைச்சகத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தது பொய்யல்ல. சீனமும் கொரியாவும் கண்டனம் தெரிவித்தன. தன் வீட்டுக்குள் ஆயுதத்தோடு நுழைந்தவனை, முன்னேறி வந்தவன் என்று எழுதினால் எந்த வீட்டுக்காரன் பொறுப்பான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள், சோறு போதவில்லை. அண்டை நாட்டாரின் உணர்வைக் கருத்தில் கொள்வோம் என்று அந்த ஆண்டே ஜப்பானிய அரசாங்கம் விதி சேர்க்கவேண்டி வந்தது.

1984இல் மூன்றாம் வழக்கைத் தொடுத்தார் இயெனாகா. அப்போது வயது 70. போர்க்கொடுமைகள் நேரடியாக நீதிமன்றம் ஏறியது இந்த வழக்கில்தான். நான்கிங் படுகொலையை அவர் எழுதியிருந்தார். குழப்பத்துக்கிடையே நிகழ்ந்ததாக எழுது என்றது அமைச்சகம். படையினர் பெண்களைக் கெடுத்ததை எழுதியிருந்தார். எல்லா நாட்டுப் படையும் செய்வதுதானே, அதை எதற்குத் தனியாகச் சொல்வது என்று அடிக்கச் சொன்னது. 731ஆம் படைப்பிரிவைப் பற்றி எழுதியிருந்தார். ஆராய்ச்சி போதாது, எடுத்துவிடு என்றது.

731 என்பது என்ன? மஞ்சூரியாவில் ஹார்பின் நகருக்கு அருகே, தண்ணீரைத் தூய்மைப்படுத்தும் துறை என்ற பெயர்ப் பலகையோடு இயங்கிய நரகம். இஷி ஷீரோ என்ற படை மருத்துவர் அதன் தலைவர். பிடித்து வந்த மனிதர்களின் உடலில் கொள்ளைநோய்க் கிருமிகளைச் செலுத்தினார்கள். உயிரோடு அறுத்துப் பார்த்தார்கள். குறைந்தது 3,000 பேர் அங்கே மாண்டனர் என்பது கணக்கு. அவர்களுக்கு அங்கே இருந்த பெயர் மரக்கட்டைகள்! போர் முடிந்ததும், ஆராய்ச்சிக் குறிப்புகளை வாங்கிக்கொண்டு குற்றவாளிகளைத் தண்டிக்காமல் விட்டது அமெரிக்கா. ஒருவர் கொன்றார், ஒருவர் விலை பேசினார், இன்னொருவர் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடு என்றார். மூவருக்கும் நடுவே எழுதுகோலோடு நின்றவர் இந்த ஒருவர்.

ஒகினாவாத் தீவின் கதையும் அந்த வழக்கில் வந்தது. 1945இல் அமெரிக்கப் படை இறங்கியபோது அந்தத் தீவு மக்களில் கணக்கற்றோர் மாண்டனர். ஜப்பானியப் படையே கொன்றவர்களும் உண்டு. அதை அவர் எழுதியிருந்தார். மக்கள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொண்டதையும் சேர்த்து எழுது என்றது அமைச்சகம். தாங்களே விரும்பிச் செத்தார்கள் என்று பிள்ளைகள் எண்ணட்டும்! 1988 பிப்ரவரியில் நீதிமன்றமே ஒகினாவாவின் நாஹா நகருக்குச் சென்று சாட்சியம் கேட்டது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். 1945இல் அவருக்கு வயது 16. எதிரியிடம் பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை. ஊராருக்குக் கையெறி குண்டுகளைக் கொடுத்திருந்தது படை. அவையும் போதாமற்போனபோது, அண்ணனும் தானுமாகச் சேர்ந்து, பெற்ற தாயையும் உடன்பிறந்த சிறுவர்களையும் தம் கையாலேயே கொன்றதை மன்றத்தில் எடுத்துரைத்தார் அவர். அன்புதான் அந்தக் கொலையைச் செய்யவைத்தது என்றால், அன்பையே கொலைக்கருவியாக்கிய பாடத்தை எழுதியவன் யார்? அந்தப் பையனா குற்றவாளி, அவனுக்குப் புத்தகம் தந்தவனா?

1997 ஆகஸ்ட் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு. இயெனாகாவுக்கு 84 வயது நிறைய ஐந்தே நாள் இருந்தது. பாடநூல் ஒப்புதல் முறை செல்லும் என்றது நீதிமன்றம். ஒகினாவாப் பகுதியிலும் அவர் தோற்றார். ஆனால் நான்கிங், பெண்கள்மீது நடந்த கொடுமை, 731ஆம் படைப்பிரிவு உள்ளிட்ட நான்கு இடங்களில் அமைச்சகம் செய்தது சட்டத்துக்கு மாறு என்பது உறுதியாயிற்று. 731 பற்றிய பகுதியில் ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம். இழப்பீடு 4,00,000 யென். 32 ஆண்டுகள், மூன்று வழக்குகள், பத்துத் தீர்ப்புகள். கிடைத்த தொகையோ, அந்நாட்டில் ஒரு தொழிலாளி ஏறத்தாழ ஒரு மாதத்தில் பெறும் ஊதியம்!

தோற்றாரா, வென்றாரா? கணக்குப் பிள்ளையின் தராசிலே போட்டால் தோல்விதான் கனக்கும். ஆனால் வழக்குத் தொடங்கியபோது எழுதவே அஞ்சிய செய்திகள், வழக்கு முடிந்த 1997இல் நடுநிலைப் பள்ளி வரலாற்று நூல்களில் இடம்பெற்றிருந்தன. படையினருக்காகச் சிறைப்படுத்தப்பட்ட பெண்களைப் பற்றிய குறிப்பு அந்த ஆண்டு அந்நூல்கள் எல்லாவற்றிலும் இருந்தது. 2002 ஆகஸ்டில், கிருமிப்போர் நடந்தது உண்மையே என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, சீனத்து வழக்காளிகளுக்கு இழப்பீடு தர மறுத்தபோதிலும். அந்த ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், 89ஆம் வயதில், இயெனாகா மறைந்தார்.

அவர் போனபின் மை மீண்டும் சுரந்தது. பெண்களைப் பற்றிய குறிப்பு ஒவ்வொரு பதிப்பாகக் குறைந்தது. 2007இல், ஒகினாவாவின் கூட்டுத் தற்கொலையில் படைக்கு இருந்த பங்கை நூல்களிலிருந்து நீக்கவைத்தது அமைச்சகம். செப்டம்பர் 29ஆம் நாள் அந்தத் தீவில் மாபெரும் கண்டனக் கூட்டம் திரண்டது; 1,10,000 பேர் என்றனர் கூட்டியவர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பங்கு பெற்ற குறிப்பில் ஒரு பகுதி திரும்பி வந்தது. தனியொருவர் நீதிமன்றத்தில் தோற்ற இடத்தில், மக்கள் தெருவிலே நின்று பாதியை மீட்டார்கள்! 2021இல் அமைச்சரவை மீண்டும் சொல்லில் கைவைத்தது. அந்தப் பெண்களைக் குறிக்கும் பெயரிலிருந்து படை என்ற அடைமொழியை எடுக்கச் செய்தது.

ஜப்பான் மட்டுமா, மற்ற நாடுகள் யோக்கியமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். தன் கொடுமையைத் தன் பிள்ளைக்குச் சொல்லத் தயங்காத அரசாங்கத்தை உலகிலே தேடித்தான் பார்க்கவேண்டும். ஆனால் வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். ஹிட்லரின் படையால் நொறுங்கிய போலந்தும், அந்தப் படையை அனுப்பிய ஜெர்மனியும் 1972இல் ஒரே மேசையில் அமர்ந்தன. இரு நாட்டு அறிஞர்களும் பாடநூல்களை ஒப்பிட்டு, 1976இல் பரிந்துரைகள் வெளியிட்டனர். அடித்தவன் பிள்ளையும் அடிபட்டவன் பிள்ளையும் ஒரே உண்மையைப் படிக்கலாம். அதனால் எந்த நாடும் கவிழ்ந்துவிடாது.

தொலைதூர ஜப்பானின் கதை நமக்கெதற்கு என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். அந்தப் போர் தமிழனைத் தொடாமல் போகவில்லை. 1942, 1943இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டது ஜப்பானியப் படை. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டில் மடிந்தார்கள். மரண ரயில் என்று உலகம் அதை அறியும். அங்கே இறந்த வெள்ளைப் போர்க்கைதிகளுக்கு ஆளுக்கொரு கல், கல்லிலே பெயர். நம் தோட்டத் தொழிலாளிக்கோ குழி உண்டு, பெயர் இல்லை. வரலாற்றைத் தாங்கிநிற்கும் மக்கள் என்ற அந்தத் தலைப்பை அடித்த கை, அவன் பெயரையும் சேர்த்தேதான் அடித்தது!

ஆகவேதான் நாம் இயெனாகாவை நினைக்கிறோம். ஒருமுறை வாய்மூடி இருந்ததற்காக, எஞ்சிய வாழ்நாள் முழுதும் பேசிய மனிதர் அவர். தம் நாட்டின்மீது பகை கொண்டு அவர் பேசவில்லை; தம் மாணவர்களை இழந்த நெஞ்சோடு பேசினார். பொய்ப்பாடம் அண்டை நாட்டானைக் கொல்வதற்கு முன்பே, அதைப் படிக்கிற சொந்தப் பிள்ளையைக் கொன்றுவிடுகிறது என்பதைக் கண்ணால் கண்டவர் அவர்.

நாளை மாலை, வேலை முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் பிள்ளை விரித்து வைத்திருக்கும் வரலாற்றுப் புத்தகத்தின் பக்கத்திலே சற்று உட்காருங்கள். அதிலே எந்த மன்னன் இருக்கிறான் என்று பார்க்கவேண்டாம். யார் இல்லை என்று பாருங்கள். எந்த வரியின்மீது மை பூசப்பட்டிருக்கிறது என்று பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். அன்று ஜப்பானியச் சிறுவன் கேட்காமல் விட்ட கேள்வியை, நம் வீட்டுப் பிள்ளையாவது கேட்கட்டும்.